விட்டு விட்டு எழும் உறுமல்: பழைய பிக்கப் வண்டியில் ஒலியின் காரணம் காணும் முறைகள்

கேள்வியின் இயல்பு

கைமாறி வந்த பிக்கப் வண்டியொன்று ஒரு நாள் அமைதியாக ஓடி, மறுநாள் அதே சாலையில், அதே வேகத்தில், அடிவயிற்றிலிருந்து எழுவது போல உறுமத் தொடங்கி, பட்டறை வாசலை அடைந்ததும் ஒன்றும் அறியாததுபோல் ஓய்ந்துவிடுமானால், அவ்வுறுமலின் பிறப்பிடத்தை எதைப் பிரமாணமாகக் கொண்டு நிர்ணயிப்பது? மோட்டார் வாகனத்தின் வயதையொத்த பழமை உடைய இக்கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகள் பல. அவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, செவியைச் சான்றாகக் கொள்வது, ஒலி எழும் சூழ்நிலையைச் சான்றாகக் கொள்வது, அதிர்வின் எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்வது, உறுப்பை மாற்றிப் பார்த்த பலனைச் சான்றாகக் கொள்வது என நான்கு மரபுகள் தென்படுகின்றன. இவை ஒன்றையொன்று அடியோடு மறுப்பன அல்ல. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் ஒரே முற்பகலில் நான்கையும் கையாளக்கூடும். ஆயினும் எதைச் சான்றென ஏற்பது என்பதில் இவற்றிடையே உள்ள வேற்றுமை, இடைவிடாது ஒலிக்கும் உறுமலைக் காட்டிலும் விட்டு விட்டு ஒலிக்கும் உறுமலில்தான் முழுமையாகப் புலனாகிறது.

பிக்கப் வண்டியை இவ்வாராய்ச்சிக்குத் தனியே எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஃபோர்டு கம்பெனி 1925-இல் தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் சரக்குப் பெட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கிய காலம் தொட்டு, ஏணி போன்ற சேசிஸ், முன்னே எஞ்சின், பின்னே உந்தப்படும் அச்சு என்னும் அமைப்பு இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. கியர் பாக்ஸையும் பின்னச்சையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நெடியது. பல வண்டிகளில் அது இரு துண்டுகளாகி, நடுவே ஒரு சென்டர் பேரிங்கில் தொங்குகிறது. சுமை ஏறவும் இறங்கவும் பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டுகள் தாழ்ந்து உயர்வதால், ஷாஃப்டின் கோணம் பயணத்துக்குப் பயணம் வேறுபடுகிறது. வெற்றுச் சரக்குப் பெட்டியோ, மேளத்தின் தோலைப்போல் அடியில் எழும் சிறு அதிர்வையும் பெருக்கிக் காட்டவல்லது. இத்தனைக்கும் மேலாக, முந்தைய உரிமையாளர் எத்தனை சுமை ஏற்றினார், எந்த உறுப்பை எப்போது கழற்றி எப்படிப் பூட்டினார் என்பன பெரும்பாலும் புதிய உரிமையாளருக்குத் தெரியாத விஷயங்கள்.

செவியின் மரபு

நான்கனுள் மூத்தது செவியை நம்பும் மரபு. 1816-இல் லேன்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த ஸ்டெதாஸ்கோப், முனையில் உலோகக் கம்பி பெற்று, யந்திரங்களின் நாடி பார்க்கவும் வந்துசேர்ந்தது. அக்கருவி இல்லாத இடங்களில் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை உறுப்பின்மேல் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட் டென்ஷனர் ஆகியவற்றுள் எதன் பேரிங் தேய்ந்தது என்று பிரித்தறிவதற்கு இம்முறை இன்றும் எளியது, மலிவானது.

ஓடும் வண்டியின் உறுமலுக்கு வரும்போது இதன் வலிமை குன்றுகிறது. விநாடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 3.4 மீட்டர், கேபினின் அகலமோ அதில் பாதிதான். இத்தகைய தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று மூடிய அறைக்குள் அமர்ந்து தீர்மானிப்பது மனிதச் செவிக்கு எளிதன்று. அன்றியும், சேசிஸின் எஃகுச் சட்டம் பின்னச்சில் பிறந்த அதிர்வை முன்னே கொணர்ந்து, ஓட்டுபவரின் காலடியில் ஒலிக்கச் செய்யக்கூடும். கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு என்றாகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிக் கேட்டாலோ, ஒலியை எழுப்பிய பாரமே அப்போது இல்லாமற்போவதால், பழுதுற்ற பேரிங்கும் மௌனம் சாதிக்கலாம்.

சொல்லின் சிக்கலும் ஒன்றுண்டு. கடகட, தடதட, கொரகொர, கிறீச் என ஒலியை அப்படியே சொல்லில் ஏற்றும் இரட்டைக்கிளவிகளும் ஒலிக்குறிப்புகளும் தமிழில் மிகுதி. தளர்ந்த தகட்டின் கடகடப்பையும் பின்னச்சிலுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்களின் ஊளையையும் வேறுபடுத்த இவை பேருதவி செய்கின்றன. ஆயினும் ஒருவர் உறுமல் என்பதை மற்றொருவர் இரைச்சல் என்றும், வேறொருவர் முனகல் என்றும் கூறுவதால், உரிமையாளரின் வர்ணனையை மட்டும் நம்பிக் காரணத்தைத் தீர்மானிப்பது ஆபத்தானது. ஒலிவாங்கிகளை அச்சு, சேசிஸ், ஸ்பிரிங் பிளேட் முதலிய பல இடங்களில் கவ்வவைத்து, வண்டி ஓடும்போதே மாற்றி மாற்றிக் கேட்கும் சாதனங்கள் இக்குறைகளுள் சிலவற்றை நீக்கின. ஆனால் அவையும் ஒலி எழும் தருணத்தில் பொருத்தப்பட்டிருந்தால்தான் பயன் தரும்.

சூழ்நிலையின் மரபு

இரண்டாவது மரபு, ஒலி எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது இருக்கிறது என்பதை முதன்மையாக வினவுகிறது. காரணம் உள்ளபோது காரியம் உண்டாதலை அன்வயம் என்றும், காரணம் இல்லாதபோது காரியம் இல்லாதொழிதலை வியதிரேகம் என்றும் நம் தர்க்க சாஸ்திரம் வகுத்தது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்க நூலும் இதையொத்த விதிகளைக் கூறுகிறது. பட்டறையின் சாலைப் பரிசோதனை இவ்விரண்டின் நடைமுறை வடிவமேயாம்.

இதன் முதற்கூறு, எஞ்சினின் வேகத்தைச் சாலை வேகத்திலிருந்து பிரித்தல். வண்டி ஓடும்போது ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பார்க்கையில் உறுமலின் சுருதி மாறினால் சந்தேகம் எஞ்சின், கிளட்ச் பக்கம் சாயும். மாறாதிருந்தால் டயர், ஹப் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னச்சு ஆகியவற்றின்மேல் சாயும். நின்ற வண்டியில் கிளட்சை மிதித்தால் மறையும் உறுமல் கியர் பாக்ஸின் முன்பக்கத்தையும், மிதித்தால் மட்டும் எழுவது கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும் சுட்டுவது பொதுவிதி. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் கேட்பது, பற்களின் இருபுறமும் மாறி மாறிப் பாரம் ஏறும் கிரவுன் பினியனின்மேல் ஐயத்தை எழுப்பும். இடப்புறம் வளையும்போது மிகுந்து, வலப்புறம் வளையும்போது தணிந்தால், பாரம் ஏறிய வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங் முதற்சந்தேகத்துக்கு உரியது. சொரசொரப்பான சாலையில் மிகுந்து, புதிதாகப் போட்ட வழவழப்பான தாரில் அடியோடு மாறும் ஒலியோ டயருக்கு உரியதாதல் கூடும்.

இத்தகைய விதிகள் பலருக்கும் எட்டும்படி எளியனவாயினும், விதிவிலக்குகள் குறைவல்ல. வளைவில் பாரம் குறைந்த பக்கத்துப் பேரிங்கும் சில வேளைகளில் ஒலிப்பதுண்டு. மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர், பழுதுற்ற ஹப் பேரிங்கைப்போலவே உறுமி, அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது பட்டறைகளில் பழகிப்போன சங்கதி. இவையனைத்தினும் பெரிய குறை, ஒரு காரியத்துக்கு ஒரு காரணமே உண்டு என்னும் மறைமுகமான அனுமானமாகும். பல கை மாறிய வண்டியில் தேய்ந்த டயரும், தளர்ந்த சென்டர் பேரிங்கும், அறுந்த சைலன்சர் ரப்பரும் ஒருங்கே இருத்தல் அரிதன்று. ஒன்றை நீக்கியபோது உறுமல் பாதியாகக் குறைந்தால், நீக்கியது காரணமா அன்றா என்னும் கேள்விக்கு இம்மரபில் தெளிவான விடை கிடைப்பதில்லை.

எண்ணின் மரபு

மூன்றாவது மரபு ஒலியை எண்ணாக மாற்றுகிறது. எத்தகைய சிக்கலான அதிர்வையும் எளிய அதிர்வுகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்னும் கணிதம் 1822-இல் வெளியான ஃபூரியேயின் நூலிலிருந்து வளர்ந்தது. அப்பிரிவினையைக் கணிப்பொறியில் விரைந்து செய்யும் வழியைக் கூலி, டூக்கி என்னும் இருவர் 1965-இல் வெளியிட்டனர். தொழிற்சாலை யந்திரங்களுக்குப் பயன்பட்ட இம்முறை, கையடக்கக் கருவிகள் வழியாகப் பட்டறைக்கும், பின்னர் கைப்பேசிக்கும் இறங்கி வந்திருக்கிறது.

இதன் அழகை ஓர் உதாரணத்தால் காணலாம். டயரின் உருளும் சுற்றளவு இரண்டேகால் மீட்டர் என்றும், பின்னச்சின் விகிதம் 4.1 என்றும், அதாவது கிரவுனுக்கு 41 பற்களும் பினியனுக்கு 10 பற்களும் என்றும் கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்குச் சுமார் 10 முறை சுழலும். புரொப்பல்லர் ஷாஃப்ட் சுமார் 40 முறை சுழலும். பினியனின் பற்கள் விநாடிக்குச் சுமார் 400 முறை கிரவுனோடு பொருந்தும். மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்டதைக் கேட்பதில்லையாதலால், சமநிலை தவறிய சக்கரத்தின் 10 அதிர்வுகள் கையிலும் இருக்கையிலும் நடுக்கமாக உணரப்படுமேயன்றி உறுமலாகக் கேட்கப்படுவதில்லை. பினியனின் 400 அதிர்வுகளோ உறுமலாக அன்றி ஊளையாகக் கேட்கும். செவி தடுமாறும் இடத்தில் எண் இவ்வாறு எல்லை வகுத்துத் தருகிறது.

யுனிவர்சல் ஜாயிண்ட் தரும் சான்றும் இத்தகையதே. பட்டறை வழக்கில் கிராஸ் எனப்படும் இவ்வுறுப்பை 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் ஆராய்ந்துள்ளார். சாய்ந்த கோணத்தில் இது சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருப்பினும் வெளியே செல்லும் வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை கூடிக் குறைகிறது. கோணம் 5 பாகையாயின் இவ்வேற்றுமை நூற்றுக்கு அரைப்பங்கையும் எட்டாது. 10 பாகையாயின் ஒன்றரைப் பங்கு. கோணம் இருமடங்கானால் இவ்வேற்றுமை நான்கு மடங்காகிறது. இரு முனைகளிலும் உள்ள கிராஸ்கள் சமகோணத்திலும் சரியான நேர்நிலையிலும் இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். முன்னர் யாரோ ஷாஃப்டைக் கழற்றி, அடையாளக் கோட்டைப் பாராமல் பூட்டியிருந்தால் அந்த ஈடு அழிந்து, மேற்கூறிய வேகத்தில் விநாடிக்கு 80 அதிர்வுகளாக உறுமல் பிறக்கும்.

ஆனால் இந்த 80 என்னும் எண்ணே இம்மரபின் பலவீனத்தையும் காட்டுகிறது. எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும் நேர் கியரில், நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை எரிவதால், அதன் துடிப்பும் விநாடிக்கு 80 ஆகிறது. வெளிவளையத்தில் பழுதுற்ற பேரிங், உருளைகளின் எண்ணிக்கையைச் சுழல்வேகத்தால் பெருக்கி 0.4-ஆல் மீண்டும் பெருக்கிய அளவில் அதிரும் என்பது தோராயமான விதி. 20 உருளைகள் கொண்ட ஹப் பேரிங்குக்கு அதுவும் 80-ஐ ஒட்டியே வந்து நிற்கும். மூன்று குற்றவாளிகள் ஒரே கைரேகையை விட்டுச் செல்லும் இச்சந்தர்ப்பத்தில், எண் தனித்து நின்று தீர்ப்பு வழங்க இயலாது. கியரை மாற்றினால் எஞ்சினின் எண் விலகுகிறதா, சுமையை மாற்றினால் கிராஸின் வலிமை கூடிக் குறைகிறதா என்று வினவி, மீண்டும் சூழ்நிலையின் மரபையே துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. கணக்குக்கு அடிப்படையான டயரின் அளவும் அச்சின் விகிதமும் பழைய வண்டியில் மாற்றப்பட்டிருத்தல் சாத்தியம் என்பதும் நினைக்கத்தக்கது.

ஒலி மறைந்து தோன்றுதல் ஏன்?

மேற்கூறிய மூன்றும் ஒலி எழும்போது பயன்படுவன. அது ஏன் எப்போதும் எழுவதில்லை என்பது வேறு கேள்வி. விட்டு விட்டு வருவதைத் தற்செயல் என்று ஒதுக்குவது தவறாகலாம். வெப்பம், சுமை, ஓய்வு ஆகிய மூன்றுமே பெரும்பாலும் அதன் பின்னணியில் நிற்கின்றன.

எஃகு, மீட்டர் ஒன்றுக்கு 100 பாகை வெப்ப உயர்வில் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீள்கிறது. மூன்று மீட்டர் நீளமுள்ள சைலன்சர் குழாய் சராசரியாக 300 பாகை சூடேறினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீண்டு, குளிர்ந்தபோது தொடாத குறுக்குச் சட்டத்தைச் சூட்டில் தொட்டு, எஞ்சினின் துடிப்பைச் சேசிஸுக்குள் செலுத்தக்கூடும். பட்டறையில் ஆறிய வண்டி மௌனமாவதற்கு இது ஒரு நல்ல விளக்கம். சுமை, முன்னரே கூறியபடி, ஷாஃப்டின் கோணத்தை மாற்றுகிறது. காலியாகச் செல்லும்போது எழும் உறுமல் சரக்கேற்றியதும் மறைதலும், அதற்கு எதிர்மாறாக நிகழ்தலும் இதனால் விளங்கும்.

ஓய்வும் ஒரு காரணமே. நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் தரையைத் தொட்ட பகுதியில் தட்டையாகி, முதற்சில கிலோமீட்டர்கள் தடதடத்து, சூடேறியபின் சீராகிறது. நின்றபடியே நுண்ணதிர்வுக்கு உட்படும் பேரிங்கின் பாதையில், உருளைகள் இருந்த இடங்களில் சிறு தேய்வுத் தழும்புகள் விழுவதும் உண்டு. முற்காலத்தில் ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட புதிய கார்களின் சக்கர பேரிங்குகளிலேயே இக்குறை காணப்பட்டது. ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் உள்ளது. 1905-இல் ஜெர்மானியரான ஃபோட்டிங்கர் காப்புரிமை பெற்ற திரவ இணைப்பிலிருந்து வளர்ந்த டார்க் கன்வர்ட்டரில், சீரான வேகத்தில் உள்ளே பூட்டிக்கொள்ளும் கிளட்ச், எண்ணெய் கெட்டபோது வழுக்கிப் பிடித்து வழுக்கி, வரிமேடுகளின்மேல் ஓடுவது போன்ற உறுமலைத் தருகிறது. பிரேக்கை மெல்லத் தொட்டால் பெரும்பாலான வண்டிகளில் அப்பூட்டு விடுபடுவதால், அத்தொடுதலோடு உறுமல் நின்றால் டயரையும் பேரிங்கையும் குறைகூற வேண்டுவதில்லை.

மாற்றிப் பார்க்கும் மரபு

நான்காவது மரபு, ஆராய்ச்சியைச் செயலால் முடிக்க முயல்கிறது: சந்தேகத்துக்கு உரியதை மாற்று; ஒலி நின்றால் அதுவே காரணம். அளவும் தரமும் ஒன்றாக்கப்பட்ட உதிரி உறுப்புகள் கடையிலேயே கிடைக்கத் தொடங்கிய பிறகே இது பரவலாகச் சாத்தியமாயிற்று. 1898-இல் அமெரிக்காவில் டிம்கன் காப்புரிமை பெற்ற கூம்புருளை பேரிங் போன்றவற்றை வாங்கி இட்டு ஓட்டிப் பார்ப்பது, கழற்றி ஆராய்ந்து சீர்செய்வதைவிட மலிவாக முடியும் வேளைகள் பல. டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றி, ஒலியும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பதில் செலவே இல்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்ட நான்கு இலக்கங்கள், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்று, அதன் வயதையும் சொல்லிவிடுகின்றன.

இம்மரபின் மீதான பொதுவான குற்றச்சாட்டு அதன் செலவு. அதனினும் ஆழமான குறை அதன் தர்க்கத்தில் உள்ளது. நான்கு பயணங்களில் ஒன்றில் மட்டும் உறுமும் வண்டியில் ஓர் உறுப்பை மாற்றியபின் மூன்று பயணங்கள் அமைதியாகக் கழிந்தன என்று கொள்வோம். பயணங்கள் ஒன்றையொன்று சாராதவையாயின், உறுப்பை மாற்றாமலே மூன்று பயணங்களும் அமைதியாகக் கழிய நூற்றுக்கு 42 பங்கு வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பு நூற்றுக்கு 5 பங்குக்குக் கீழ் இறங்க வேண்டுமாயின், 11 பயணங்கள் தொடர்ந்து அமைதியாகக் கழிய வேண்டும். மூன்றாம் நாளே பணம் பெற்று, நான்காம் நாள் வண்டி மீண்டும் உறுமக் கண்டு, மெக்கானிக்கின் திறமையும் நாணயமும் ஐயுறப்படும் நிகழ்ச்சிகளில், குற்றம் பல வேளைகளில் கையினுடையதன்று. போதிய காத்திருப்பின்றி மௌனத்தைச் சான்றாக ஏற்ற அவசரத்தினுடையது.

மதிப்பீடு

நான்கு மரபுகளையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, செவி சந்தேகத்தைத் தோற்றுவிக்கிறது. சூழ்நிலை அதைக் குறுக்குகிறது. எண் அதற்கு எல்லை வகுக்கிறது. மாற்றிப் பார்த்தல் அதைச் சோதிக்கிறது என்று கூறுதல் பொருந்தும். ஆனால் விட்டு விட்டு எழும் உறுமலின் விஷயத்தில் இவ்வரிசைக்கு முன்நிபந்தனை ஒன்று உண்டு. வேகம், கியர், சுமை, வெப்பம், சாலை, ஓய்வுநேரம் ஆகியவற்றைப் பயணந்தோறும் குறித்துவைத்து, எந்தச் சேர்க்கையில் அது எழுகிறது என்று கண்டு, வேண்டும்போது அதை வரவழைக்கக் கற்றுக்கொள்வதே அந்நிபந்தனை. வரவழைக்கத் தெரிந்த ஒலியில் அன்வயம், வியதிரேகம் இரண்டையும் சோதிக்கலாம். வரவழைக்கத் தெரியாத ஒலி ஓய்ந்தபின், அது ஒழிந்ததா ஒளிந்ததா என்று சொல்ல வழியில்லை.

அறிவின் நிதானத்துக்கு ஆபத்து இடந்தராத சந்தர்ப்பங்களும் உண்டு. தளர்ந்த ஹப் பேரிங், உள்ளடுக்கு பிரிந்து புடைத்த டயர், ஆடும் கிராஸ் ஆகியவை காரணமாயிருக்கக்கூடும் என்னும் ஐயம் இருந்தால், அவற்றை முதலில் பார்த்து விலக்குவதே முறை. இவ்வரிசை நிகழ்தகவைப் பற்றியதன்று, விளைவின் கொடுமையைப் பற்றியது.

தீராத கேள்விகள் சில எஞ்சுகின்றன. இரு காரணங்கள் கலந்து எழுப்பும் உறுமலில் ஒவ்வொன்றின் பங்கையும் பட்டறையளவில் பிரித்தறியும் எளிய வழி இன்னும் நிலைபெறவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டுப் பழுதைக் கூறக் கணிப்பொறியைப் பழக்கும் முயற்சிகள் நம்பிக்கை தருவன. எனினும் ஒரே உறுப்பு வண்டிக்கு வண்டி, சுமைக்குச் சுமை வேறுவிதமாக ஒலிக்குமிடத்து, அவை எவ்வளவு தூரம் பொதுமைப்படும் என்பதை இப்போதே உறுதியாகக் கூறுதல் சரியன்று. எஞ்சினின் இரைச்சலே இல்லாத மின்சார பிக்கப் வண்டிகளில், அதுவரை மறைந்திருந்த டயர், பேரிங் ஒலிகள் வெளிப்பட்டுத் தெளிவும் குழப்பமும் ஒருங்கே பெருகலாம். கருவிகள் எத்துணை மாறினும், நின்றுபோன ஒலியை நீங்கிப்போன நோய் என்று கொள்ளலாமா என்னும் கேள்வியைப் பழைய வண்டி வாங்கிய ஒவ்வொருவரும் புதிதாகவே சந்திக்க வேண்டியிருக்கும்.